நான்கு வரை எண்ணாத நடுவர்

பிஷப்பை எப்போது குதிரைக்காகக் கொடுக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி ரஹீம் மூன்று முறை கேட்டுவிட்டார். கடலூர்ப் பக்கத்து சதுரங்கப் போட்டிகளுக்கு இப்போது அவர்தான் நடுவர். இளைய நடுவர்களுக்காக ஒரு மலர் போடுகிறார்களாம்.

"புதுசா எழுத சிரமமா இருந்தா உங்க பழைய பத்து விதிய அப்படியே போட்டுடலாம் சார். அந்த சைக்ளோஸ்டைல் தாள் எங்க மாமாகிட்ட இன்னும் இருக்கு."

"அத எரிச்சிடச் சொல்லுங்க."

ரஹீம் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்தத் தாளில் மூன்றாவது விதி இப்படி இருக்கும்: "திறந்த பலகையில் பிஷப்பைக் குதிரைக்காகக் கொடுப்பவர், குடையைக் கொடுத்து விசிறி வாங்குபவர்." எழுதியபோது எனக்கே கை தட்ட வேண்டும் போலிருந்தது. அந்த வாக்கியத்தால் ஒரு பெண் சதுரங்கத்தையே விட்டுவிட்டாள். வாக்கியத்தால் என்று சொல்வதும் தப்பித்துக்கொள்வதுதான். என்னால்.

சதுரங்கம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பிஷப் மூலைவிட்டமாகப் பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே ஓட்டத்தில் போகும். ஆனால் ஆயுளுக்கும் ஒரே நிறக் கட்டங்களில்தான் நடக்கும். குதிரை தத்தித் தத்திப் போகும். ஆனால் கறுப்பு வெள்ளை இரண்டிலும் கால் வைக்கும். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பு. அதனால்தான் எது உசத்தி என்ற சண்டை இட்லியா தோசையா என்பதுபோல் முடியாமல் நடக்கிறது. நான் பிஷப் கட்சி. புத்தகம் படித்தவர்கள் பெரும்பாலும் பிஷப் கட்சியில்தான் இருப்பார்கள்.

நான் படித்தவன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, உத்தியோகமே புத்தகத்தோடுதான். திங்கள் முதல் வெள்ளி வரை சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் நூலகர். சனி, ஞாயிறு கடலூரில் சதுரங்க நடுவர். விடுதியில் ஆடக் கற்றது, நடுவர் தேர்வு எழுதியது, மூன்று வருடம் கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்துக்கொண்டும் நாற்காலி தூக்கிக்கொண்டும் திரிந்தது எல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். அதன் பிறகு சவரிமுத்து சாரிடம் போய்ச் சேர்ந்தேன். அங்கேதான் தொழில் படித்தேன்.

சவரிமுத்து சார் முதுநகர்க்காரர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று, மாவட்டப் போட்டிகளுக்குத் தலைமை நடுவராக இருந்தார். ஹாலுக்குள் நுழையும்போது செருப்பை வாசலில் கழற்றிவிடுவார். கோயில் என்பதால் அல்ல, செருப்பு சத்தம் போடும் என்பதால். உள்ளே வந்ததும் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஒரு நாள் ஆட்டம் முழுக்கப் பார்த்திருக்கிறேன், ஒரு ஈயை விரட்டக்கூடக் கை முன்னால் வரவில்லை. "நடுவனோட கை முன்னாடி இருந்தா, அது காய்மேல போவும் லைப்ரரி" என்பார். என் பெயர் அவருக்குத் தெரியும். ஆனாலும் லைப்ரரி என்றுதான் கூப்பிடுவார். ஸ்கோர் எழுதும் தபால்காரர் "போஸ்ட்டு". கடிகாரம் பார்க்கிறவர் சைக்கிள் கடைக்காரர், அவர் "பஞ்சரு".

ஆடுகிறவர்கள் சண்டை போட்டால் அவர் குரலை உயர்த்த மாட்டார். மேசைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பலகையின் உயரத்துக்குக் கண்ணை வைத்து, இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். அறுபது வயது மனிதர் தரையில் அப்படிக் குந்தியிருப்பதைப் பார்த்தே பாதி பேர் வழக்கை வாபஸ் வாங்கிவிடுவார்கள்.

இளையவர்களுக்குத் தெரியாத ஒரு முறை அப்போது இருந்தது. ஹால் பள்ளிக்கூடத்துடையது. ஐந்து மணிக்கு வாட்ச்மேன் சாவியை ஆட்டிக்கொண்டு வந்துவிடுவார். முடியாத ஆட்டங்களை என்ன செய்வது? அட்ஜுடிகேஷன் என்பார்கள். கடிகாரத்தை நிறுத்திவிட்டு, காய்கள் எங்கெங்கே நிற்கின்றன, அடுத்து யார் ஆட வேண்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதுவோம். ஆடிய இருவரும் அதே சீட்டில் தனக்கு வெற்றியா, டிராவா, எப்படி என்று சுருக்கமாக எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அந்தச் சீட்டோடும் ஒரு பலகையோடும் நான் பக்கத்து அறைக்குப் போவேன். அரை மணி நேரம். திரும்பி வந்து முடிவு சொல்வேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முடிவுத்தாளைச் சுவரில் ஒட்டுவார்கள். ஒட்டும் வரை திருத்தலாம். ஒட்டிவிட்டால் அவ்வளவுதான்.

இப்போது அந்த முறை ஒழிந்துவிட்டது. ஆட்டம் முடியும் வரை ஆடுகிறார்கள். அதன் பிறகு போனில் தட்டினால் யார் எங்கே கோட்டை விட்டார்கள் என்று அது சொல்லிவிடுகிறது. நல்ல காலம். ஒரு மனிதன் அறைக்குள் தனியாக உட்கார்ந்து இன்னொருவர் ஆட்டத்தை முடித்து வைப்பது என்பது, யோசித்துப் பார்த்தால், கொஞ்சம் பயங்கரமான ஏற்பாடுதான்.

நான் முடிவு சொல்ல வரும்போது சவரிமுத்து சார் பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு தயாராக இருப்பார். பலகையைப் பார்க்க மாட்டார். சீட்டைப் படிக்க மாட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எண்ணிட்டியா?"

எல்லா நகர்த்தலையும் கடைசி வரை எண்ணிப் பார்த்தாயா என்று அர்த்தம். "எண்ணிட்டேன் சார்" என்றால் கையெழுத்து விழும். ஒரு முறை "ஏறக்குறைய எண்ணிட்டேன்" என்று சொன்னேன். "ஏறக்குறையன்னா திரும்பிப் போ" என்றார். போனேன்.

இனி கலைச்செல்வி.

முப்பது வருடத்துக்கு மேலாகிறது. ஒரே நாளில் முடியும் மாவட்டப் பெண்கள் போட்டி, கடைசிச் சுற்று. கலைச்செல்வி காடாம்புலியூர்ப் பெண், அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். முதலிடம் வந்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மாநிலப் போட்டிச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் படிக்க இடம் கிடைக்கும். அந்தக் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் முதலிடம், டிரா என்றால் இரண்டாமிடம். இரண்டாமிடத்துக்குச் சான்றிதழ் உண்டு, மாநிலப் போட்டி கிடையாது.

அவளுடைய அப்பா ஏகாம்பரம், முந்திரித் தோப்புக்காரர், காலையிலேயே ஒரு பலாப்பழத்தைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து ஹால் வாசலில் வைத்துவிட்டார். வாசனை உள்ளே எட்டாவது மேசை வரை வந்தது.

"அண்ணே, பழத்தக் கொஞ்சம் மரத்தடிக்குத் தள்ளி வைங்க" என்றார் சவரிமுத்து சார். "எதிராளிப் பொண்ணுக்கு மூவ் மறந்துபோவுதாம்."

"அப்ப இங்கயே இருக்கட்டும் சார்" என்றார் ஏகாம்பரம். கை முதுகில் இருந்தபடியே சவரிமுத்து சார் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அன்று காலை தொடக்க விழாவில் நான் பேசியிருந்தேன். பத்து விதிகள். தாளை எல்லாருக்கும் கொடுத்தேன். குடை, விசிறி வாக்கியத்துக்கு நிஜமாகவே கை தட்டினார்கள். அதை வீட்டிலேயே இரண்டு முறை சொல்லிப் பழகியிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஐந்து மணிக்கு ஒரே ஒரு ஆட்டம் முடியாமல் நின்றது. கலைச்செல்வியுடையது. பலகையில் அதிகம் இல்லை. இருவருக்கும் ராஜா. ஆளுக்கொரு சிப்பாய், அவளுடையது இந்த ஓரம், எதிராளியுடையது அந்த ஓரம். அவளுக்கு ஒரு பிஷப், எதிராளிக்கு ஒரு குதிரை. ஆட வேண்டியது அவள்.

எதிராளி சீட்டில் "டிரா" என்று எழுதியிருந்தாள். கலைச்செல்வி இப்படி எழுதியிருந்தாள்: "வெற்றி. பிஷப்பால் குதிரையை வெட்டுவேன். ராஜாவால் என் பிஷப்பை வெட்டுவார். அதன் பிறகு எனக்கு நான்கு."

அறைக்குள் போய்ப் பலகையில் காய்களை வைத்தேன். பிஷப்பை வைத்துக்கொண்டே ஆடினால் என்ன என்று பார்த்தேன். குதிரை கடைசியில் தன்னைக் கொடுத்து அவள் சிப்பாயை எடுத்துவிடும். தனி பிஷப்பை வைத்து ஜெயிக்க முடியாது. டிரா. பிறகு அவள் எழுதியதைப் படித்தேன். பிஷப் இருக்கும்போதே ஜெயிக்க முடியவில்லை, அதையும் கொடுத்துவிட்டு எதை வைத்து ஜெயிப்பாள்? எனக்குச் சிரிப்பு வந்தது. காலையில் நான் பேசும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண், அதே சாயங்காலம் விசிறி வாங்கப் போகிறாளே என்று. அதற்கு மேல் நான் ஒரு காயைக்கூட நகர்த்தவில்லை. அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் மிச்சம். ஜன்னல் வழியாகச் சிதம்பரம் பஸ் எத்தனை மணிக்கு என்று ஒருவரைக் கேட்டேன்.

"டிரா சார்" என்று வெளியே வந்து சொன்னேன்.

"எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன் சார்."

கையெழுத்து விழுந்தது.

கலைச்செல்வி சீட்டை ஒரு முறை பார்க்கலாமா என்று மட்டும் கேட்டாள். காட்டினேன். தான் எழுதியதையே விரலை வைத்துப் படித்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டாள். ஏகாம்பரம் அவள் தோளில் தட்டினார். "பெரியவுங்க உக்காந்து பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும் பாப்பா." பிறகு மரத்தடிக்குப் போய்ப் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சார், இத நீங்க எடுத்துட்டுப் போங்க."

"ஐயோ, வேண்டாங்க."

"ஜெயிச்சா குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். இப்பவும் உங்களுக்குத்தான். உங்க பேச்சு நல்லா இருந்துச்சாம், பொண்ணு சொன்னா."

வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. மடியில் சாக்கோடு பலாப்பழம். பையில் எப்போதும் வைத்திருக்கும் காந்தப் பலகையை எடுத்துப் பழத்தின் மேல் விரித்தேன். அந்த ஆட்டத்தை வைத்தேன். குற்ற உணர்ச்சியால் என்று நினைக்க வேண்டாம், பொழுது போகத்தான். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே குனிந்து பார்த்தார்.

"இன்னா சார், பழத்துக்கு செஸ் சொல்லித் தர்றீங்களா?"

"அதுக்கு முன்னமே தெரியும் போல" என்று நானும் சிரித்தேன்.

ஆலப்பாக்கம் தாண்டியதும், சும்மா, பிஷப்பால் குதிரையை வெட்டிப் பார்த்தேன். எதிராளி ராஜாவால் வெட்டுகிறார். அப்படி வெட்டியதில் ராஜா அந்தப் பக்கம் போய்விடுகிறது. இனி இந்த ஓரத்துச் சிப்பாயை அதனால் ஓடிப் பிடிக்க முடியாது. தடுக்கக் குதிரையும் இல்லை. சிப்பாய் கடைசிக் கட்டம் போய் ராணியாக எத்தனை நகர்த்தல்? ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எதிராளியின் சிப்பாய்க்கும் நான்குதான். ஆனால் முதலில் ஓடுவது கலைச்செல்வி. அவளுடைய சிப்பாய் ராணியாகி நிற்கிற மூலையிலிருந்து ஒரு மூலைவிட்டம் நேராகப் போகிறது. எங்கே? எதிராளியின் சிப்பாய் ராணியாக வேண்டிய கட்டத்துக்கு. அது அங்கே காலை வைத்ததும் வெட்டுப்படும்.

நான்கு. அவள் தெளிவாக எழுதியிருந்தாள். எல்.கே.ஜி. குழந்தை எண்ணும் எண்ணிக்கை. பிஷப் போனால் பலம் போய்விடும் என்று பார்த்தேனே தவிர, எதிராளியிடம் அந்தச் சிப்பாயைத் தடுக்க இருந்த ஒரே ஆள் அந்தக் குதிரைதான் என்பதை நான் பார்க்கவில்லை.

புதுச்சத்திரத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் பஸ் பிடித்திருக்கலாம். காலையில் சொல்லிக்கொள்ளலாம், ஒன்பது மணி வரை நேரம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தேன். வீட்டில் பழத்தை அறுத்தோம். இனிப்பாக இல்லாமல் இருந்திருந்தால் ஏதோ தண்டனை மாதிரி இருந்திருக்கும். நன்றாக இனித்தது. பத்துச் சுளை சாப்பிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கடலூர் போனேன். எட்டரை மணிக்கு சவரிமுத்து சார் ஹால் வாசலில் ஒரு கிண்ணத்தில் மைதாப் பசையோடு நின்றிருந்தார். முடிவுத்தாள் பெஞ்சில் கிடந்தது.

"இன்னா லைப்ரரி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால், எண்ணினேன் என்றது பொய் என்று அவருக்குத் தெரியும். நேற்று கை தட்டியவர்கள் எல்லாருக்கும் மூன்றாவது விதியின் கதி தெரியும். லைப்ரரி என்ற பெயருக்கு இனி என்ன அர்த்தம் என்றும் நினைத்தேன்.

"பலாப்பழம் ஜாஸ்தியா சாப்ட்டுட்டேன் சார். வயிறு சரியில்ல."

"சுக்குத் தண்ணி குடி" என்று சொல்லிவிட்டுப் பசையைத் தடவினார்.

அவர் இறக்கும் வரை நான் அதைச் சொல்லவில்லை. அதன் பிறகு வந்த ஒவ்வொரு தீர்ப்பையும் மூன்று முறை எண்ணினேன், அதனால் எனக்குக் கறாரான நடுவர் என்று நல்ல பெயர் வந்தது. கலைச்செல்வியை அடுத்த வருடப் போட்டியில் தேடினேன். வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. தேடினேன் என்றால் பெயர்ப்பட்டியலில் தேடினேன், அவ்வளவுதான். காடாம்புலியூருக்கு நான் பஸ் ஏறவில்லை.

போன மாதம் ரஹீம் மலருக்கான விவரங்களைக் காட்டினார். சிப்காட் தொழிற்சாலைகளுக்குள் பணியாளர்களுக்கு ஒரு சதுரங்கப் போட்டி நடத்துகிறார்களாம். ஒருங்கிணைப்பாளர் பெயர்: கலைச்செல்வி, ஆய்வகப் பொறுப்பாளர். ஊர் காடாம்புலியூர். இந்த முறை பஸ் ஏறினேன்.

மத்தியானம் கலைச்செல்வி என்னைத் தொழிற்சாலை கேன்டீனில் உட்கார வைத்தார். காதோரம் நரை. ஆய்வகக் கோட்டின் பையில் இரண்டு பேனா. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"லைப்ரரி சார்தானே? அப்பா இன்னும் உங்களப் பத்திப் பேசுவாரு. பழத்த பிகு பண்ணாம வாங்கிக்கிட்டாரு, நல்ல மனுஷன்னு."

டீ வந்தது. அவர் எப்படிப் படித்தார் என்று கேட்டேன். பி.எஸ்சி. வேதியியல், பிறகு வேலையில் இருந்துகொண்டே மேற்படிப்பு. மற்றவர்கள் இரண்டு வருடத்தில் ஏறிய படியைத் தான் பத்து வருடத்தில் ஏறியதாகச் சொன்னார்.

"செஸ் ஆடறீங்களாம்மா?"

"இல்ல சார். ஏற்பாடு பண்றதோட சரி. அன்னைக்கி நான் தப்பா எண்ணிட்டேன்ல? அவ்ளோ உறுதியா எழுதிக் குடுத்துட்டு. நாலு வரைக்கும்கூட எண்ணத் தெரியலன்னா அப்புறம் எதுக்கு போர்டுன்னு விட்டுட்டேன்."

இடம் போனது எனக்குத் தெரியும். இது தெரியாது. முப்பது வருடமும் அவர் இடத்தை இழந்ததற்காக என்னைத் திட்டிக்கொண்டிருப்பார் என்று நான் கற்பனை செய்திருந்தேன். அவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க தப்பா எண்ணலம்மா. நான் எண்ணவே இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸை, பொய்யை, பசைக் கிண்ணத்தை. முடித்ததும், "டீ ஆறுது சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். திரும்பி வரும்போது கையில் பலகை இருந்தது.

ஆறு காய்களையும் யோசிக்காமல் அதனதன் கட்டத்தில் வைத்தார். முப்பது வருடம். ஒரு கட்டம்கூடத் தவறவில்லை.

"நீங்க குதிரைப் பக்கம் ஆடுங்க" என்றார். பிஷப்பால் என் குதிரையை எடுத்தார்.

இப்போது நான் செய்ததையும் எழுத வேண்டும். ராஜாவால் பிஷப்பை எடுத்துவிட்டுத் தோற்க வேண்டியதுதான் முறை. ஆனால் பலகை முன்னால் வந்ததும் எனக்குள் பழைய ஆள் விழித்துக்கொண்டான். ஏதாவது வழி இருக்குமா? கன்னத்தில் கை வைத்து யோசித்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கேன்டீன்காரர் மேசையைத் துடைத்துவிட்டே போனார்.

"சார்" என்றார் கலைச்செல்வி. "மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, டிரா கேக்க வந்தீங்களா?"

பிஷப்பை எடுத்தேன். அவர் சிப்பாயை நகர்த்தினார். "ஒண்ணு" என்றார். எனக்கு ஒரு தந்திரம் தோன்றியது. அந்த மூலைவிட்டத்தின் நடுவில் என் ராஜாவையே கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்திவிட்டால் அவருடைய ராணி என் சிப்பாயைப் பார்க்க முடியாதே! நிறுத்தினேன். "ரெண்டு." என் சிப்பாயைத் தள்ளினேன். "மூணு." தள்ளினேன். "நாலு" என்று ராணியை வைத்தார். மறைக்கப் போன என் ராஜாவுக்கே செக்.

பலகையின் இரண்டு ஓரத்தையும் கைகளால் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். கண் கலங்கியதா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லணுமா சார்?"

"வேண்டாம்மா."

"சொல்ல மாட்டேன்."

"சரிம்மா."

"எழுதுங்க. உங்க மலர்ல. பத்து விதி போட்டீங்கல்ல, அதே மாதிரி எல்லாருக்கும் குடுங்க."

"எழுதறேன்."

அவர் மணியைப் பார்த்தார். ஆய்வகத்துக்கு போன் செய்து, தான் வர அரை மணி ஆகும் என்றார். பிறகு மீதிக் காய்களையும் பெட்டியிலிருந்து மேசைமேல் கொட்டினார்.

"அடுக்குங்க சார். முதல்லேர்ந்து ஒரு ஆட்டம்."

கை பழகாததால் முதலில் மெதுவாக ஆடினார். எட்டாவது நகர்த்தலில் ஒரு சிப்பாயைச் சும்மா விட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அதன் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினான்காவது நகர்த்தலில், பலகை இன்னும் பாதி நிறைந்திருக்கும்போதே, பிஷப்பைக் கொடுத்து என் குதிரையை எடுத்தார். அது சரியா தவறா என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. அவர் என்னைக் கேட்கவில்லை. உதடு அசைய அவர் தனக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.